கவசம் நெளியட்டும்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசைக்கு ஒரு ஹவுஸ் ரூல்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டத்தை ஆட ஆரம்பித்த சில வாரங்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "போன வாரம் ஓர்க் கோடரியால் வெட்டினான், இந்த வாரம் டிராகன் கடித்தது. என் கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லையே?" நியாயமான கேள்விதான். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, 1,500 பொற்காசு கொடுத்து வாங்கிய தகட்டுக் கவசம் எத்தனை சண்டை பார்த்தாலும் புதுசு மாதிரியே இருக்கும். விரல்விட்டு எண்ணக்கூடிய சில மான்ஸ்டர்களைத் தவிர வேறு எதுவும் அதைத் தொடாது.

இதைச் சரிசெய்ய ஆளாளுக்கு ஒரு ஹவுஸ் ரூல், அதாவது புத்தகத்தில் இல்லாத சொந்த விதி, வைத்திருக்கிறார்கள். தாயம் ஆடும்போது வீட்டுக்கு வீடு விதி மாறுகிறதல்லவா, அதே கதைதான். ஆனால் கவச விதிகளில் பல, மூன்றாவது வாரம் தாண்டுவதில்லை. யாரும் ரத்து செய்வதில்லை, எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் நிலைத்து நிற்கும் கவச விதிக்கு ஒரு அடையாளம் உண்டு: கவசத்தைப் பலி கொடுப்பதா வேண்டாமா என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்கிறார். பகடை பார்த்து அபராதம் போடும் விதிகள்தான் காணாமல் போகின்றன.

கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டராக, அதாவது டிஎம்மாக, புதிதாக உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்கள் எல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகங்களிலிருந்து.

படி 1: கவசம் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

விதியைத் தொடுவதற்கு முன் ஆர்மர் கிளாஸ், அதாவது உங்கள் பாதுகாப்பு எண், எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாக இருக்க வேண்டும். எதிரி 20 பக்கப் பகடையை உருட்டி, தன் தாக்குதல் போனஸைக் கூட்டுகிறான். வரும் எண் உங்கள் ஆர்மர் கிளாஸைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி விழுந்தது, இல்லாவிட்டால் தவறியது. அடி விழுந்தபின் கவசத்துக்கு வேலை இல்லை. சேதம் முழுசாக ஹிட் பாயின்ட்டில், அதாவது உயிர்ப் புள்ளியில், கழியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சங்கிலிக் கவசம் போட்டவரின் ஆர்மர் கிளாஸ் 16. கவசமே இல்லாத, சாதாரணச் சுறுசுறுப்புள்ள ஆளுக்கு 10. ஆக எதிரியின் மொத்தம் 10 முதல் 15 வரை வந்தால், அந்த அடி உடம்பை நோக்கித்தான் வந்தது, கவசம் தடுத்துவிட்டது என்று பொருள். கவசத்தில் 'டங்' என்று மோதுபவை தவறிய அடிகள்தான்! விழுந்த அடிகள் கவசத்தை ஏமாற்றி இடுக்கில் புகுந்தவை. "அடி விழும்போதெல்லாம் கவசம் ஒரு புள்ளி குறையும்" என்று விதி போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை. அதற்காகத் தவறிய அடிகளை எண்ணிக்கொண்டிருக்கவும் முடியாது, சண்டை நகராது.

இந்த அமைப்பு இப்படி இருப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஆர்மர் கிளாஸ் யோசனை கடற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து வந்தது என்று ஆர்னசன் சொல்லியிருக்கிறார். அப்போது எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும்: கவசமில்லாதவருக்கு 9, தகட்டுக் கவசமும் கேடயமும் உள்ளவருக்கு 2. இதை நேராக்கியது 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு. கவசம் சேதத்தைக் கழித்துக்கொள்ளும் முறைதான் வேண்டும் என்றால், 1978-ல் வந்த ரூன்குவெஸ்ட் அந்த வழியில் போன ஆட்டம். கை, கால், தலை என்று உறுப்பு உறுப்பாகக் கவசம் கணக்கிடப்படும். நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு ஆட்டம். இங்கே நாம் செய்வது சின்ன ஒட்டு வேலை.

படி 2: ஏன் வேண்டும் என்று மேசையில் கேளுங்கள்

மூன்று பதில்கள் வரும். ஒன்று, நிஜம் போல இருக்க வேண்டும். இரண்டு, கையில் பொற்காசு குவிகிறது, செலவுக்கு வழி வேண்டும். மூன்று, சண்டையில் இன்னும் கொஞ்சம் பதற்றம் வேண்டும்.

முதல் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிஜமான எஃகுத் தகடு ஒரு வாள்வெட்டில் உருக்குலைவதில்லை. அறுந்துபோவது தோல்வாரும் தறையாணியும்தான். சங்கிலிக் கவசத்தில் வளையம் அறுந்தால் வேறு வளையம் கோத்துச் சரிசெய்துவிடலாம். அதிகம் உடைந்தது கேடயம். பழைய ஐஸ்லாந்துக் கதைகளில் வரும் ஹோல்ம்காங் என்ற இருவர் சண்டையில் ஆளுக்கு மூன்று கேடயம் அனுமதி, உடைய உடைய அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். நிஜம்தான் வேண்டுமென்றால் கேடயத்தை உடையுங்கள், தகட்டை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது பதில் வந்தால் ஹவுஸ் ரூலே வேண்டாம். ஊரில் வாடகை, வரி, கடன் என்று கதையில் செலவு வையுங்கள்.

மூன்றாவதுதான் உருப்படியான காரணம். மேற்கொண்டு சொல்வதெல்லாம் அந்தப் பதிலைச் சொன்ன மேசைக்கு.

படி 3: புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள்

புது விதி எழுதுமுன் பழைய விதி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. கவசத்தைத் தின்னும் மான்ஸ்டர்களில் புகழ்பெற்றது ரஸ்ட் மான்ஸ்டர். அதன் உணர்கொம்பு பட்டால், மந்திரமில்லாத இரும்புக் கவசத்துக்கு நிரந்தரமாக ஒரு புள்ளி குறைவு. டெக்ஸ்டெரிட்டி சேவ், அதாவது சுறுசுறுப்பை வைத்து விலகும் உருட்டல், 11-ஐ எட்டினால் தப்பிக்கலாம். மீண்டும் மீண்டும் பட்டால் குறைவு கூடிக்கொண்டே போகும், கவசம் தரும் எண் 10-க்கு இறங்கினால் கவசம் அழிந்தது. கிரே ஊஸ், பிளாக் புட்டிங் என்ற இரண்டு கொழகொழ ஜந்துக்களும் இதே மாதிரி அரிக்கும். (ரஸ்ட் மான்ஸ்டரின் தோற்றம் கைகாக்ஸ் கடையில் வாங்கிய மலிவான ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றிலிருந்து வந்தது. அந்த உருவத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.)

இவற்றிலிருந்து இரண்டு பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, சேதத்தை ஒவ்வொரு புள்ளியாகக் குறைப்பதுதான் ஆட்டத்தின் சொந்த வழி, சதவீதமெல்லாம் வேண்டாம். இரண்டு, இந்த மான்ஸ்டர்கள் பயமுறுத்துவது அபூர்வமாக வருவதால்தான். ஊரில் திரியும் ஒவ்வொரு கோப்ளினும் கவசத்தை அரித்தால், ரஸ்ட் மான்ஸ்டர் வரும்போது யாருக்கு என்ன பயம்?

படி 4: ஒரு புள்ளியின் விலையைக் கணக்குப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், விதி சொதப்புவதும் இங்கேதான்.

கோப்ளினின் தாக்குதல் போனஸ் +4. தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்தால் ஆர்மர் கிளாஸ் 20. கோப்ளினுக்குப் பகடையில் 16 அல்லது மேல் விழ வேண்டும், 25 சதவீத வாய்ப்பு. ஒரு புள்ளி குறைந்து 19 ஆனால் 30 சதவீதம். பார்க்க ஐந்துதான், ஆனால் முன்பு ஐந்து அடி விழுந்த இடத்தில் இப்போது ஆறு விழும். அதாவது வாங்கும் அடி 20 சதவீதம் கூடிவிட்டது. ஆர்மர் கிளாஸ் 12 உள்ள ஒருவருக்கு அதே ஒரு புள்ளி குறைந்தால், 65 சதவீதம் 70 ஆகும். கூடுதல் அடி பதின்மூன்றில் ஒரு பங்குதான். ஆக, நல்ல கவசம் போட்டவரைத்தான் இந்த விதி பலமாக உதைக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேஜ் ஆர்மர் என்ற பாதுகாப்பு மந்திரம் போட்ட விசர்ட், கவசமே போடாத மாங்க், வெறும் மார்போடு நிற்கும் பார்பேரியன், இவர்களுக்குச் சேதப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. முன்வரிசையில் நின்று எல்லோருக்காகவும் அடி வாங்கும் ஃபைட்டரும் பாலடினும் மட்டும் தண்டம் கட்டுவார்கள்.

பரவலாக ஆடப்படும் "கிரிட்டிக்கல் விழுந்தால் கவசம் ஒரு புள்ளி குறையும்" என்ற விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரிட்டிக்கல் என்பது தாக்குதல் பகடையில் 20 விழுவது, அப்போது சேதப் பகடை இரட்டிப்பாகும். அதற்கு 5 சதவீத வாய்ப்பு. முன்வரிசை வீரர் ஒரு சண்டையில் எட்டுத் தாக்குதல் வாங்குகிறார், நாளைக்கு மூன்று சண்டை என்று வைத்தால், 24 தாக்குதல். சராசரியாக நாளுக்கு 1.2 கிரிட்டிக்கல். பழுதுபார்க்காமல் விட்டால் 18-ல் இருக்கும் தகட்டுக் கவசம் ஏழாவது நாளில் 10-க்கு வந்துவிடும். 1,500 பொற்காசு, ஒரு வாரம்! அந்த ஆட்டக்காரர் அடுத்த முறை மாங்க் ஆடுவார், அவர்மேல் தப்பில்லை.

படி 5: விதியை எழுதுங்கள்

நான் பரிந்துரைப்பது இது. அப்படியே ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள்.

எதிரியின் ஆயுதத் தாக்குதல் உங்கள்மேல் கிரிட்டிக்கலாக விழுந்தால், சேதப் பகடை உருட்டுமுன் "கவசம் வாங்கட்டும்" என்று நீங்கள் சொல்லலாம். சொன்னால் கிரிட்டிக்கல் சாதாரண அடியாகிவிடும், கவசத்தில் ஒரு நெளிசல் விழும். ஒவ்வொரு நெளிசலுக்கும் ஆர்மர் கிளாஸ் ஒன்று குறையும். லேசான கவசம் ஒரு நெளிசல் தாங்கும், நடுத்தரக் கவசம் இரண்டு, கனமான கவசம் மூன்று. அதற்குமேல் பழுதுபார்க்கும்வரை இந்த வழி கிடையாது.

கேடயத்துக்குத் தனி விதி. எந்த ஆயுத அடியானாலும், கிரிட்டிக்கலோ இல்லையோ, சேதம் உருட்டுமுன் கேடயத்தைக் குறுக்கே கொடுக்கலாம். அந்த அடியின் சேதம் முழுசாகப் போய்விடும், கேடயமும் போய்விடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, பழைய பாணி ஆட்டக்காரர்களிடையே பல வருடமாகப் புழங்கும் விதி.

அவ்வளவுதான். இதில் எங்கேயும் கவசம் தானாக உடைவதில்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டாம் என்பவர் கடைசிவரை ஒரு நெளிசலும் இல்லாமல் ஆடலாம். கனமான கவசத்துக்கு மூன்று வாய்ப்பு இருப்பதால் முன்வரிசை வீரருக்கு இது ஒரு சலுகையாகிவிடுகிறது, விசர்ட்டுக்கு எதுவும் கிடைக்காது. அதுதான் நியாயம், விசர்ட்டிடம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது.

ஒரு உதாரணம். முதல் நிலை ஃபைட்டர், சங்கிலிக் கவசம், 12 ஹிட் பாயின்ட். ஓர்க் இரண்டு கையாலும் கோடரியை ஓங்குகிறான், பகடையில் 20. சாதாரண அடியென்றால் 12 பக்கப் பகடை ஒன்று, கூட மூன்று: சராசரி 9.5. கிரிட்டிக்கல் என்றால் இரண்டு பகடை, கூட மூன்று: சராசரி 16. அதாவது விட்டுவிட்டால் ஆள் பெரும்பாலும் மயங்கி விழுவார், கவசத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் தள்ளாடியாவது நிற்பார். விலை, ஆர்மர் கிளாஸ் 16-லிருந்து 15. அடுத்த சுற்றில் அதே ஓர்க் அடிக்கும் வாய்ப்பு 50-லிருந்து 55 சதவீதம். மேசை முழுவதும் அவரையே பார்க்கும், அவர் ஒரு கணம் யோசிப்பார். அந்த யோசனைக்காகத்தான் இத்தனை பாடு.

டிஎம் செய்யக்கூடாத ஒன்று: இந்த விதியை எதிரிகளுக்குக் கொடுக்காதீர்கள். ஆட்டக்காரர் 20 உருட்டிக் கத்தும்போது "அவன் கவசம் வாங்கிக்கொண்டது" என்று சொன்னால் மேசை செத்துவிடும். பெயருள்ள பெரிய வில்லன் ஒருவனுக்கு, ஒரே ஒரு தரம், வேண்டுமானால் கொடுக்கலாம்.

படி 6: பழுதுபார்ப்பு

நெளிசல் எளிதாகப் போகக்கூடாது, போகவே முடியாமலும் இருக்கக்கூடாது.

ஊரில் கொல்லர் இருந்தால் ஒரு நெளிசலுக்குக் கவச விலையில் பத்தில் ஒரு பங்கு, ஒரு நாள் வேலை. சங்கிலிக் கவசத்துக்கு 7 பொற்காசும் 5 வெள்ளிக்காசும். அரைத்தகட்டுக் கவசத்துக்கு 75 பொற்காசு. முழுத் தகட்டுக்கு 150. கொஞ்சம் உறுத்தும், ஓட்டாண்டியாக்காது.

காட்டில் இருந்தால், கருவியும் அதில் தேர்ச்சியும் உள்ளவர் ஒரு லாங் ரெஸ்டில், அதாவது இரவு முழுக்க எடுக்கும் ஓய்வில், ஒரு நெளிசலை எடுக்கலாம். உலோகத்துக்குக் கொல்லர் கருவி, 20 பொற்காசு. தோலுக்குத் தோல்வேலைக் கருவி, 5 பொற்காசு. பின்னணிக் கதைக்காக மட்டும் "என் அப்பா கொல்லர்" என்று எழுதி வைத்திருந்த ஆட்டக்காரருக்கு இங்கே திடீரென மதிப்பு வரும்.

அப்புறம் மெண்டிங் மந்திரம். யாராவது கேட்டே தீருவார்கள், முன்கூட்டியே பதில் வைத்திருங்கள். புத்தகத்தின்படி அது ஒரு அடி நீளத்துக்குள் உள்ள ஒரு உடைசலை ஒரு நிமிடத்தில் ஒட்டும், செலவே இல்லாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். நெளிசலை அப்படியே நீக்க விட்டால் மொத்த விதியும் ஒரு நிமிடத்தில் செல்லாக்காசு. தடை போட்டால் அந்த மந்திரத்தை எடுத்தவர் முகம் தொங்கும். நடுவழி: மெண்டிங் தெரிந்தவர் கொல்லர் கருவி உள்ளவருக்குச் சமம், லாங் ரெஸ்டுக்கு ஒரு நெளிசல்.

மந்திரக் கவசமும் இதே விதியில்தான் வரும். +1 கவசம் என்றால் ஒரு நெளிசல் கூடுதலாகத் தாங்கும், +2 என்றால் இரண்டு. பழுதுச் செலவை மந்திரமில்லாத அதே வகைக் கவசத்தின் விலையில் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் எண் வானத்துக்குப் போய்விடும். அடமன்டைன் என்ற கற்பனை உலோகத்தில் செய்த கவசம் மட்டும் விதிவிலக்கு. கிரிட்டிக்கலைச் சாதாரண அடியாக்குவதுதான் அதன் பிறவிக் குணம், அதனால் அதில் நெளிசலே விழாது. இதைச் சொல்ல மறந்தால், ஆசையாக அடமன்டைன் தேடிப்போன ஆட்டக்காரர் ஏமாந்ததாக நினைப்பார்.

படி 7: மேசையில் இறக்குங்கள்

புது சாகசம் தொடங்கும்போது மட்டும் இறக்குங்கள். பாதிக் கதையில், அதுவும் பாலடின் தகட்டுக் கவசம் வாங்கிய மறுவாரம் அறிவித்தால் சண்டை மேசைக்கு வெளியே நடக்கும். முதலில் மூன்று அமர்வு சோதனை என்று சொல்லிவிடுங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்ற உறுதியோடு.

கணக்கு வைக்க எதுவும் வாங்க வேண்டாம். கேரக்டர் ஷீட்டில் ஆர்மர் கிளாஸ் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் கட்டங்கள் போடச் சொல்லுங்கள்: லேசுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு இரண்டு, கனத்துக்கு மூன்று. நெளிசல் விழுந்தால் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டு எண்ணையும் அழித்து மாற்ற வேண்டும். எண்ணை மாற்றாமல் "பதினெட்டு, ஆனால் ஒன்று கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்லும் பழக்கம் வந்தால் அடுத்த வாரமே மறந்துபோகும்.

டிஎம் பக்கம் ஒரே ஒரு வேலை: கிரிட்டிக்கல் விழுந்ததும் சேதத்தை உருட்டாமல் நிறுத்தி, "கவசமா, உடம்பா?" என்று கேட்பது. முதல் சில அமர்வுகளில் நீங்கள்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும். புதியவர்கள் தங்கள் மந்திரங்களையே மறப்பார்கள், இதை எங்கே நினைவில் வைப்பது!

விதியை வளைக்கப் பார்ப்பவர் ஒருவர் எந்த மேசையிலும் இருப்பார். அவர் முதல் ஊரிலேயே ஐந்து கேடயம் வாங்கி முதுகில் கட்டிக்கொள்வார், ஒன்று 10 பொற்காசுதானே. கேடயம் ஒன்று 6 பவுண்ட், அதைக் கையில் மாட்ட ஒரு ஆக்‌ஷன் செலவு, அந்தச் சுற்றில் அடிக்க முடியாது. இதுவே ஓரளவு தடுத்துவிடும். போதாவிட்டால் கையில் ஒன்று, முதுகில் ஒன்று, அதற்குமேல் இடமில்லை என்று முடித்துவிடுங்கள்.

மேல் நிலைகளில் கேடய விதி கொஞ்சம் பலமாகத் தெரியும். ராட்சதன் ஓங்கிய அடி 10 பொற்காசுப் பலகையில் காணாமல் போவது சிலருக்கு உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை. கேடயம் போனதும் ஆர்மர் கிளாஸில் இரண்டு புள்ளி போகிறது, ராட்சதன் இன்னும் எதிரே நிற்கிறான். மந்திரக் கேடயத்தை மட்டும் இந்த விதிக்கு வெளியே வைத்துவிடுங்கள், அதை உடைக்க யாருக்கும் மனசு வராது.

வேறு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆடினால் இதை எதையும் சேர்க்காதீர்கள். அங்கே ஷீல்ட் பிளாக் என்று கேடயத்துக்கே விதி இருக்கிறது. எஃகுக் கேடயம் ஒரு அடியில் 5 புள்ளி சேதத்தைத் தானே விழுங்கும். மிச்சம் உங்களுக்கும் கேடயத்துக்கும் விழும். அதன் 20 ஹிட் பாயின்ட்டில் 10 மிஞ்சும்போது உடைந்ததாகக் கணக்கு, பத்து நிமிடம் உட்கார்ந்து பழுதுபார்க்கலாம். யோசித்துச் செய்த ஏற்பாடு, மேலே ஒட்டுப்போட்டால் கெட்டுவிடும்.

கவசம் மெல்ல மெல்லத் தேய்வதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், சுவீடன்காரர்கள் 2018-ல் கொண்டுவந்த ஃபர்பிடன் லேண்ட்ஸ் ஆட்டத்தைப் பாருங்கள். அதில் கவசத்துக்கே பகடை உண்டு. ஆறு விழுந்தால் சேதம் குறையும். சேதம் ஊடுருவிப் போனால், அந்த உருட்டலில் விழுந்த ஒவ்வொரு ஒன்றுக்கும் கவசத்தின் எண் ஒன்று இறங்கும். தனியாகக் கணக்கு எழுத வேண்டியதில்லை, எப்படியும் உருட்டும் பகடையே சொல்லிவிடும். அந்த ஆட்டத்தை முதலிலிருந்தே அப்படிக் கட்டியிருப்பதால் ஒத்துப்போகிறது. ஐந்தாம் பதிப்பில் பிடுங்கி நட்டால் வேர் பிடிக்காது.

கடைசியாக, குகை நடுவில் மூன்று கட்டமும் நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். செத்துக் கிடக்கும் ஹாப்கோப்ளின் சங்கிலிக் கவசம்தான் போட்டிருக்கும், கேடயமும் வைத்திருக்கும். கழற்ற ஐந்து நிமிடம், மாட்ட பத்து நிமிடம், சண்டைகளுக்கு நடுவே எடுக்கும் ஒரு ஷார்ட் ரெஸ்டுக்குள் தாராளமாக முடியும். அளவு சரியாக இல்லை என்று டிஎம் சொன்னால், ஊருக்குப் போனதும் கொல்லரிடம் அளவு மாற்றிக்கொள்ளலாம். நான்கு பக்கப் பகடை ஒன்றை உருட்டுங்கள், விழுந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் வருவது சதவீதம். கவச விலையில் அத்தனை சதவீதம் கூலி.